முதல் பட்டதாரி சான்றிதழ்: டிகிரி வீட்டைப் பெரிய இடமாக்குமா?

காசிமேட்டிலோ வியாசர்பாடியிலோ ஒரு பிள்ளை காலேஜ் சேர்ந்தால், "இனி நீங்க பெரிய இடம்" என்பார்கள். தாலுகா ஆபீஸ் கணக்கே வேறு. அப்பா, அம்மா, இருபக்கத் தாத்தா பாட்டிகள், கூடப் பிறந்தவர்கள் என எவரிடமும் பட்டம் இல்லாவிட்டால்தான் நீங்கள் முதல் பட்டதாரி. சித்தப்பாவின் பி.காம். கணக்கில் வராது. அம்மா அஞ்சல் வழியில் முடித்த பி.ஏ. வரும்.

முதல் பட்டதாரிக்குத் தமிழக அரசு கல்விக் கட்டணத்தில் தரும் சலுகை 2010-11 முதல் நடப்பிலுள்ளது. அதற்குத்தான் இந்தச் சான்றிதழ். பொறியியல், மருத்துவம் போன்ற தொழிற்கல்விக்கு மட்டும், அதுவும் அரசுக் கலந்தாய்வில் சேர்ந்தால் மட்டும். தனியார் பொறியியல் கல்லூரியில் கல்விக் கட்டணத்தில் ஆண்டுக்கு 25,000 ரூபாய் வரை கழியும். மேனேஜ்மென்ட் சீட்டுக்குக் கிடையாது. பஸ், ஹாஸ்டல் பணம் உங்கள் பாடு.

6 முதல் 12 வரை அரசுப் பள்ளியில் (மாநகராட்சிப் பள்ளியும் சேர்த்தி) படித்து 7.5 சதவீத ஒதுக்கீட்டில் சேருகிறவருக்குக் கல்வி, விடுதிக் கட்டணங்களை அரசே கட்டிவிடும். மற்றவர்கள் ரிசல்ட்டுக்குக் காத்திராமல் சான்றிதழுக்கு விண்ணப்பிக்க இ-சேவை மையத்துக்குப் போங்கள். மே மாதம் அங்கே கால் வைக்க இடமிருக்காது.

முதலில் கேன் எண் (இ-சேவையில் உங்களுக்கான பதிவு எண்) பதிய வேண்டும். அதில் உங்கள் வீட்டு மொபைல் எண்ணைக் கொடுங்கள். மையத்துக்காரர் தன் எண்ணைப் போட்டுவிட்டால் பிறகு ஓடிபிக்கு அவர் பின்னால்தான் அலைய வேண்டும். ஆதார், ரேஷன் கார்டு, போட்டோ, குடும்பத்தில் படித்தவர்களின் டி.சி., மாணவரும் பெற்றோரும் கையெழுத்திட்ட உறுதிமொழி ஆகியவற்றை ஒரிஜினலாகவே ஸ்கேன் செய்யச் சொல்லுங்கள். கட்டணம் 60 ரூபாய். மனு வி.ஏ.ஓ., ஆர்.ஐ. (வருவாய் ஆய்வாளர்) பார்த்து துணை வட்டாட்சியரிடம் போகும்.

மனு திரும்புவது பெரும்பாலும் பெயரால்தான். டி.சி.யில் 'எம். செல்வி', ரேஷன் கார்டில் 'செல்வி முருகன்' என்றிருந்தால் சந்தேகம் வரும். விண்ணப்பிக்கும் முன்பே ரேஷன் கார்டைத் திருத்திவிடுங்கள். பள்ளிக்கே போகாத பாட்டிக்கு டி.சி. எங்கிருந்து வரும்? வி.ஏ.ஓ. விசாரணைக்கு வரும்போது உள்ளதைச் சொன்னால் போதும். வாடகை வீட்டுக்காரர்கள் ஒன்றைக் கவனியுங்கள்: கார்டு ராயபுரத்திலும் குடியிருப்பு மாதவரத்திலும் இருந்தால், வி.ஏ.ஓ. தேடி வரும் முகவரியில் நீங்கள் இருக்கமாட்டீர்கள்.

சலுகை வீட்டுக்கு ஒருவருக்குத்தான். அக்கா இதில் சேர்ந்திருந்தால் தம்பிக்கு இல்லை. சலுகையே வாங்காமல் அம்பேத்கர் அரசு கலைக் கல்லூரியில் அக்கா பி.எஸ்சி. முடித்துவிட்டாலும் தம்பிக்கு இல்லை. காகிதத்தில் அது இப்போது பட்டதாரி வீடு. அக்காவுக்கு வேலை கிடைத்ததா என்று விண்ணப்பத்தில் ஒரு கட்டமும் கிடையாது.