வேப்பம்பூவை வீணாக்காதீர்கள்

பங்குனி பிறந்தால் சென்னைத் தெருக்களில் வேப்பம்பூ கொட்டிக் கிடக்கும். தரையில் கிடப்பதைப் பெருக்கி எடுக்க வேண்டாம். மண்ணும் புறா எச்சமும் கலந்திருக்கும். மரத்தடியிலோ மொட்டை மாடியிலோ இரவே பழைய வேட்டியை விரித்து வையுங்கள். காலையில் உதிர்ந்திருக்கும் பூவைச் சேகரித்து, காம்பு நீக்கி, அலசி, நிழலில் சருகாகக் காயவைத்துப் புட்டியில் அடைத்தால் அடுத்த சித்திரை வரை வரும். ஈரம் இருந்தால் பூஞ்சை பிடித்துவிடும். பேருந்து போகும் சாலையோர மரம் என்றால் புகைதான் மிஞ்சும், விட்டுவிடுங்கள்.

ரசத்தில் பூவைப் போட்டுக் கொதிக்கவிடுகிறவர்கள் உண்டு. கசந்துபோகும். புளி ரசத்தை இறக்கிய பிறகு, ஒரு கரண்டி நெய்யில் பூவைக் கரும்பழுப்பாக, கருகாமல், வறுத்து மேலே கொட்டி மூடிவிடுங்கள். வாசனைக்கு இதுதான் சரி என்பேன். சித்திரை முதல் நாள் மாங்காய்ப் பச்சடிக்கும் இதே வறுத்த பூதான். பித்தத்துக்கும் வயிற்றுப் பூச்சிக்கும் நல்லது என்பது பாட்டி வைத்தியம்.

ஆவாரம்பூவை நாட்டு மருந்துக் கடையிலேயே வாங்கிவிடலாம். கஷாயமாகவோ பாசிப்பருப்புக் கூட்டாகவோ செய்யலாம். சித்த வைத்தியத்தில் நீரிழிவுக்குச் சொல்லப்படுவது. ஏற்கெனவே சர்க்கரை மாத்திரை சாப்பிடுகிறவர்கள் மருத்துவரைக் கேட்காமல் தினமும் குடிக்கக் கூடாது. கர்ப்பிணிகள் வேப்பம்பூவையும் இதையும் தவிர்க்கட்டும்.

ஆவாரம்பூ போல மஞ்சளாக இருக்கிறதே என்று பூங்காவில் கண்ட பூவையெல்லாம் பறிக்காதீர்கள். மஞ்சள் அரளி கடும் விஷம்.