ஒப்பீட்டுக் குழுவுக்குள் பாடம் கசிந்தால்: சரிசெய்த விதம்

சர்க்கரை நோயாளிகளுக்குக் கால் பராமரிப்பு கற்பிக்கும் ஆய்வு. ஒரே ஆரம்ப சுகாதார நிலையத்தில் மாத்திரை வாங்க வருபவர்களை இரண்டாகப் பிரித்தால், பாடம் கேட்காத குழுவின் மதிப்பெண்ணும் பின்தேர்வில் ஏறிவிடும். வரிசையில் நிற்கும்போது கைப்பிரதியைப் பக்கத்தில் இருப்பவரிடம் காட்டுவார்கள். நல்ல மனசுதான், ஆனால் ஒப்பீடு போய்விடும்.

அதனால் ஆட்களைப் பிரிக்காமல் ஊர்களைப் பிரித்தோம். கன்னியாகுமரி மாவட்டத்தின் இரண்டு கடற்கரை ஊர்கள்: குளச்சலில் பாடம், முட்டத்தில் வழக்கமான சிகிச்சை மட்டும். அதே மாவட்டத்தின் உள்பகுதியில், குலசேகரம் பக்கம் ரப்பர் பால் வெட்டுபவர்களை ஒப்பீட்டுக்கு எடுக்கவில்லை. கடற்கரை மணலில் வெறுங்காலோடு நடப்பவரையும் தோட்டத்தில் நடப்பவரையும் ஒப்பிட்டால், வித்தியாசம் பாடத்தால் வந்ததா தொழிலால் வந்ததா என்று பிரிக்க முடியாது. எந்த ஊருக்குப் பாடம் என்று குலுக்கிப் போட்டாலும், இரண்டே ஊர் என்பதால் இது குவாசி எக்ஸ்பெரிமென்டல் (ஆட்களைக் குலுக்கிப் பிரிக்காமல் ஒப்பிடும்) வடிவமைப்புதான். அறிக்கையிலும் அப்படியே எழுதுங்கள்.

மாதிரி அளவு: விளைவு அளவு (குழுச் சராசரிகளின் வித்தியாசம், திட்ட விலக்கத்தில் எத்தனை பங்கு என்பது) 0.5, பவர் (உண்மையில் இருக்கும் வித்தியாசத்தைக் கண்டுபிடிக்கும் வாய்ப்பு) 80%, ஆல்ஃபா (இல்லாத வித்தியாசத்தை இருப்பதாகச் சொல்லிவிடும் வாய்ப்பு) 5% என்றால் குழுவுக்கு 64 பேர். 10% பேர் விலகலாம் என்று 64-ஐ 0.9-ஆல் வகுத்து, மேல்நோக்கி முழுமையாக்கினால் 72. முன்னோட்ட ஆய்வை மூன்றாவது ஊரில் வையுங்கள்.

பகுப்பாய்வில் பலர் ஒவ்வொரு குழுவுக்கும் தனித்தனியாகப் பெயர்டு டி டெஸ்ட் (அதே ஆட்களின் முன்தேர்வு, பின்தேர்வு மதிப்பெண்களை ஒப்பிடும் சோதனை) போட்டு நிறுத்துகிறார்கள். இது எனக்கு உண்மையிலேயே வருத்தம். அது குழுக்களை ஒப்பிடவே இல்லை. முன்தேர்வு மதிப்பெண்ணைக் கோவேரியட்டாக (கணக்கில் எடுத்துச் சரிசெய்ய வேண்டிய அளவாக) வைத்து அன்கோவா போடுங்கள்; தொடக்க வித்தியாசத்தைச் சரிசெய்து இரண்டு குழுக்களின் பின்தேர்வை ஒப்பிடும் முறை அது.

பின்தேர்வு முடிந்ததும் முட்டத்துக்காரர்களுக்கும் அதே பாடத்தை நடத்திவிட வேண்டும்.