‘நூலிழையில் தப்பிய விமானங்கள்’ என்ற செய்தியை எடைபோடுவது எப்படி?

ஊருக்குக் கிளம்ப இரண்டு நாள் இருக்கையில் ‘நடுவானில் நேருக்கு நேர், நூலிழையில் தப்பிய 300 பயணிகள்’ என்ற செய்தி கண்ணில் பட்டால், டிக்கெட்டை ரத்து செய்துவிடலாமா என்று ஒரு கணமாவது தோன்றத்தான் செய்யும். அந்த முடிவுக்குப் போகுமுன் செய்தியைக் கொஞ்சம் குறுக்கு விசாரணை செய்யுங்கள்.

முதலில் இடைவெளியைத் தேடுங்கள். ‘மிக அருகில்’ என்ற சொல்லை மட்டும் வைத்துக்கொண்டு எதையும் முடிவு செய்ய முடியாது. உயர வித்தியாசம் எத்தனை அடி, பக்கவாட்டுத் தொலைவு எவ்வளவு என்ற இரண்டு எண்களும் வேண்டும். 29,000 முதல் 41,000 அடி வரையிலான உயரத்தில் எதிரெதிரே செல்லும் விமானங்களுக்கு 1,000 அடி, அதாவது ஏறத்தாழ 300 மீட்டர் உயர வித்தியாசம் இருந்தால் போதும் என்பதே விதி. சன்னலோர இருக்கையில் இருப்பவருக்கு, சற்றுக் கீழே இன்னொரு விமானம் இறக்கையும் வாலும் தெரியும்படி எதிர்ப்பட்டு, அடுத்தவரைக் கூப்பிட்டுக் காட்டுவதற்குள் மறைந்துவிடுவது திகிலாகவே இருக்கும். விமானிகளுக்கோ அது அன்றாடக் காட்சி. மாறாக, இரண்டும் ஒரே உயரத்தில் மணிக்கு 900 கிலோமீட்டர் வேகத்தில் எதிரெதிரே வந்தால், நொடிக்கு அரை கிலோமீட்டர் வீதம் நெருங்குகின்றன. 9 கிலோமீட்டர் தொலைவு என்று செய்தி சொன்னாலும் கையிலிருப்பது 18 நொடிதான்.

அடுத்து, மோதலைத் தடுத்தது எது என்று பாருங்கள். என் கணிப்பில் செய்தியின் உயிரே இங்குதான் இருக்கிறது. தரையிலிருந்து கட்டுப்பாட்டாளர் கவனித்துத் திருப்பிவிட்டாரா, அல்லது டிகாஸ் எனப்படும் மோதல் தவிர்ப்புக் கருவி எச்சரித்ததா? இந்தக் கருவி முதலில் ‘டிராஃபிக், டிராஃபிக்’ என்று குரல் கொடுக்கும். அதற்கும் மேல் நெருங்கினால், எதிர் விமானத்தின் கருவியோடு ஒத்துப்பேசி ஒன்றை மேலே ஏறவும் மற்றதைக் கீழே இறங்கவும் சொல்லும். 1996 நவம்பர் 12 அன்று டெல்லிக்கு அருகே சர்க்கி தாத்ரி வானில், 15,000 அடியில் நிற்க வேண்டிய கஜகஸ்தான் விமானம் அதற்கும் கீழே இறங்கி, 14,000 அடியில் வந்த சவூதி விமானத்தின் மேல் மோதியதில் 349 பேர் இறந்தார்கள். அதன் பிறகே இந்தியா இக்கருவியைக் கட்டாயமாக்கியது. கருவி மட்டும் போதாது என்பதை 2002 ஜூலையில் ஜெர்மனியின் யூபர்லிங்கன் நகருக்கு மேல் இரு விமானங்கள் மோதிக்கொண்டது காட்டியது: கருவி ‘ஏறு’ என்றது, கட்டுப்பாட்டாளர் ‘இறங்கு’ என்றார், ரஷ்ய விமானிகள் கட்டுப்பாட்டாளர் சொன்னதைக் கேட்டார்கள், 71 உயிர்கள் போயின. கருவியின் கட்டளைக்கே முதலிடம் என்பது அதன்பின் ஐயத்துக்கு இடமின்றி வகுக்கப்பட்டது.

ஆக, கருவி எச்சரித்து விமானி கீழ்ப்படிந்தார் என்று செய்தி சொன்னால், கடைசி வேலி வேலை செய்திருக்கிறது, முந்தைய வேலிகள் எங்கோ அறுந்திருக்கின்றன என்று புரிந்துகொள்ளலாம். 2023 பிப்ரவரியில் அமெரிக்காவின் ஆஸ்டினில் நடந்தது இதைவிட மோசம். அடர்ந்த மூடுபனியில், ஒரு விமானம் புறப்பட்டுக்கொண்டிருந்த அதே ஓடுபாதையில் சரக்கு விமானம் ஒன்று இறங்க வந்தது. அதன் விமானிகளே கடைசி நேரத்தில் உணர்ந்து மேலெழுப்பியபோது இடைவெளி 200 அடிகூட இல்லை. மனிதக் கண் மட்டுமே காப்பாற்றிய நிகழ்வுக்குக் கவலைப்படுவது நியாயமே.

இறங்க வந்த விமானம் மீண்டும் மேலேறி வட்டமடித்தது என்பதோடு செய்தி முடிந்தால், அதைத் தாண்டிப் போய்விடலாம். பெரும்பாலும் அது முன்னெச்சரிக்கை மட்டுமே.

அதே இடத்தில் முன்பும் இப்படி நடந்திருக்கிறதா என்ற கேள்வியைச் செய்தியாளர்கள் அதிகம் கேட்பதில்லை, நீங்கள் கேளுங்கள். 2025 ஜனவரி 29 அன்று வாஷிங்டனில் பயணிகள் விமானமும் ராணுவ ஹெலிகாப்டரும் மோதி 67 பேர் இறந்தபின் விசாரணையாளர்கள் பழைய பதிவுகளைப் புரட்டினார்கள். 2021 அக்டோபர் முதல் 2024 டிசம்பர் வரை அந்த விமான நிலையத்தையொட்டி, பயணிகள் விமானமும் ஹெலிகாப்டரும் ஒரு கடல் மைலுக்கும் (ஏறத்தாழ 1.85 கிலோமீட்டர்) 400 அடி உயரத்துக்கும் உள்ளாக நெருங்கிய தருணங்கள் 15,214 இருந்தன. அவற்றில் 85 முறை, உயர வித்தியாசம் 200 அடிக்கும் பக்கவாட்டு இடைவெளி 1,500 அடிக்கும் குறைவு. தகவல் இருந்தது, அதைக் கூட்டிப் பார்க்கத்தான் ஆள் இல்லை.

பயணிக்கு நேரடியாக ஒரு வேலை உண்டு. டிகாஸ் கட்டளையிட்டால் விமானம் சட்டென்று ஏறும் அல்லது இறங்கும். பெல்ட் போடாதவர் தூக்கி எறியப்படலாம். பெல்ட் போடச் சொல்லும் விளக்கு அணைந்த பிறகும் அதைத் தளர்வாகவேனும் மாட்டியிருங்கள்.

கடைசியாக, பரபரப்பு அடங்கிச் சில மாதங்கள் கழிந்தபின், இந்தியாவின் விமான விபத்துப் புலனாய்வுப் பிரிவின் இணையதளத்தில் அந்த நிகழ்வின் இறுதி அறிக்கை வந்திருக்கிறதா என்று பாருங்கள். வந்திருந்தால் முழுவதையும் படிக்க நேரமில்லாதவர்கள், இறுதியில் உள்ள பரிந்துரைகளுக்கு நேராகப் போய், அவற்றில் எவை பிறகு நடைமுறைக்கு வந்தன என்று தேடலாம்.