சிப்பிப்பாறைக் குட்டிக்குக் கடிக்காமல் விளையாடப் பழக்குவது

எங்கள் முத்து, மூன்று மாதச் சிப்பிப்பாறை இன நாய்க்குட்டி. வேட்டி நுனி, செருப்பு வார், என் கட்டைவிரல் எல்லாம் அதன் வாய்க்குள் போகும். இதற்காகக் குட்டியை அடிப்பவர்களைக் கண்டால் எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வருகிறது. கையைக் கண்டு பயந்து வளரும் நாய், பின்னாளில் அந்தப் பயத்திலேயே கடிக்கக்கூடும்.

பல் பட்டதும் கையை வெடுக்கென்று இழுக்காதீர்கள். வேட்டை இனம், அசைவதையெல்லாம் துரத்தும். விரல்களைத் தளர்த்தி அப்படியே வையுங்கள். பிடி விட்டதும் எழுந்து, முகத்தைத் திருப்பி, அரை நிமிடம் பேசாமல் நில்லுங்கள். கடித்தால் விளையாட்டு நின்றுவிடும் என்பது அதற்கு மெல்லப் புரியும். பிறகு கடித்து மெல்வதற்கு ஏதாவது கொடுங்கள். பழைய பருத்தித் துண்டை முடிச்சிட்டு நனைத்து, ஃபிரிட்ஜில் குளிரவைத்துக் கொடுத்தால் ஈறுக்கு அவ்வளவு இதம். முத்து அதை முன்னங்கால்களால் அணைத்துக்கொண்டு கண்ணை மூடி மெல்லும். நூல் பிரிந்தால் வாங்கிவிடுங்கள், விழுங்கிவிடும்.

வீட்டில் ஒருவர் விரலைக் கடிக்கக் கொடுத்தாலும் பழக்கம் கெட்டுவிடும்.

மாலையில் தலைகால் தெரியாமல் ஓடிக் கடித்தால் பெரும்பாலும் தூக்கக் குறைவுதான். நாளுக்கு 18 மணி நேரம்கூடத் தூங்கும் வயது. அமைதியான மூலையில் படுக்க விடுங்கள்.

28 பால் பற்களும் விழுந்து 42 நிரந்தரப் பற்கள் முளைக்க ஏழு மாதம் வரை ஆகும். இடையில் பல் பட்டு உங்கள் தோல் கிழிந்தால் சோப்புப் போட்டு, ஓடும் நீரில் 15 நிமிடம் கழுவி, அன்றே மருத்துவரைப் பாருங்கள்.