பிட்லாக்கரை இயக்குமுன் மீட்புச் சாவியைப் பத்திரப்படுத்துங்கள்

மடிக்கணினி களவுபோனால், விண்டோஸில் நுழைவதற்காக நாம் வைத்திருக்கும் கடவுச்சொல் உள்ளே இருக்கும் கோப்புகளைக் காப்பாற்றாது. வன்தட்டைக் கழற்றி வேறொரு கணினியில் இணைத்தாலே சொத்துப் பத்திர நகல்களும் வங்கிக் கணக்கு விவரங்களும் குடும்பப் படங்களும் எவருக்கும் திறந்துவிடும். இதைத் தடுக்கவே வட்டு முழுவதையும் குறியாக்கம் செய்யும், அதாவது சாவி இல்லாமல் படிக்க முடியாதபடி மாற்றிவைக்கும் பிட்லாக்கர், 2007இல் விண்டோஸ் விஸ்டாவுடன் பொதுப் பயன்பாட்டுக்கு வந்தது. இப்போது அது விண்டோஸின் புரோ, என்டர்பிரைஸ், எஜுகேஷன் பதிப்புகளில் முழுமையாகக் கிடைக்கிறது. ஹோம் பதிப்புள்ள பல கணினிகளில் 'டிவைஸ் என்கிரிப்ஷன்' என்ற எளிய வடிவம் உண்டு. புதிய கணினியில் மைக்ரோசாப்ட் கணக்கு வழியாக நுழைந்திருந்தால் அது தானாகவே இயங்கத் தொடங்கியிருக்கக்கூடும் என்பதால், செட்டிங்ஸில் அதன் நிலையை முதலில் பார்த்துவிடுங்கள்.

புரோ பதிப்பில், ஸ்டார்ட் பட்டியில் 'மேனேஜ் பிட்லாக்கர்' என்று தேடித் திறந்து, சி டிரைவுக்கு எதிரே உள்ள 'டர்ன் ஆன் பிட்லாக்கர்' என்பதை அழுத்த வேண்டும். உடனே, மீட்புச் சாவியை எங்கே சேமிப்பது என்று விண்டோஸ் கேட்கும். இந்த இடத்தில்தான் அவசரப்படக் கூடாது. ஆறு ஆறு இலக்கங்களாக எட்டுத் தொகுதிகள் கொண்ட அந்த 48 இலக்க எண்ணை, மதர்போர்டை மாற்றும்போதோ, கணினியைத் தொடங்கிவைக்கும் அடிப்படை மென்பொருளான பயாஸைப் புதுப்பித்த பிறகோ கணினி கேட்கலாம். அப்போது அது உங்களிடம் இல்லையென்றால், மைக்ரோசாப்ட்டாலும் அதை உருவாக்கித் தர முடியாது. மைக்ரோசாப்ட் கணக்கில் ஒரு பிரதியைச் சேமித்துவிட்டு, இன்னொன்றைத் தாளில் அச்சிட்டு வீட்டுப் பத்திரங்களோடு வைப்பதையே நான் பரிந்துரைப்பேன். மடிக்கணினிப் பையிலேயே அந்தத் தாளை வைத்தால், திருடியவர் கையில் பூட்டும் சாவியும் சேர்ந்தே போய்விடும்.

அடுத்து, பயன்படுத்திய இடத்தை மட்டும் குறியாக்குவதா, வட்டு முழுவதையுமா என்ற கேள்வி வரும். நீக்கிய கோப்புகளின் எச்சங்கள் காலியாகத் தோன்றும் இடத்திலும் தங்கியிருக்கும் என்பதால், ஏற்கெனவே பயன்படுத்திவந்த கணினிக்கு முழு வட்டையே தேர்ந்தெடுங்கள். நேரம் கூடுதலாகும் என்றாலும் இடையில் உங்கள் வேலையைத் தொடரலாம். சார்ஜரை மட்டும் இணைத்து வையுங்கள்.

ஒரே ஒரு கோப்புறையைக் காக்க, அதன் 'பிராப்பர்ட்டீஸ்' பகுதியில் 'அட்வான்ஸ்டு' வழியாகச் செல்லும் இஎஃப்எஸ் என்ற கோப்புக் குறியாக்க வசதியும் புரோ பதிப்பில் இருக்கிறது. ஆனால் அதன் சாவி உங்கள் பயனர் கணக்கோடு பிணைந்திருப்பதால், அந்தச் சாவியைக் கொண்ட சான்றிதழ்க் கோப்பைத் தனியே ஏற்றுமதி செய்யாமல் விண்டோஸை மறுபடி நிறுவினால் அந்தக் கோப்புகளைத் திறக்கவே முடியாமல் போகும். பென் டிரைவுக்கோ, அதன் மீது வலது சொடுக்கி, 'டர்ன் ஆன் பிட்லாக்கர்' வழியாகக் கடவுச்சொல் வைத்தால் போதும்.

கணினி திறந்திருக்கும் வரை குறியாக்கம் எதையும் மறைக்காது. ஆகவே வெளியூர் செல்லும்போது ஸ்லீப் நிலையில் விடாமல் முழுமையாக அணைத்து எடுத்துச் செல்லுங்கள். பயாஸைப் புதுப்பிக்குமுன், அதே பிட்லாக்கர் பக்கத்தில் 'சஸ்பெண்ட் புரொடெக்ஷன்' என்பதை அழுத்திவிட்டால், மீட்புச் சாவியைக் கேட்கும் திரையில் கணினி போய் நிற்பதைத் தவிர்க்கலாம்.