சனிக்கிழமையானால் நிற்கும் டாம்கேட்: கட்டளைத் திரையிலிருந்தே பார்ப்பது எப்படி?

திருப்பூரில் சனிக்கிழமை சம்பள நாள். பனியன் கம்பெனிகளில் வாரக் கூலி போடுகிற மத்தியானம் பார்த்துத்தான் எங்கள் சம்பள மென்பொருள் ஓடும் டாம்கேட் சர்வர் (ஜாவா நிரல்களை ஓட்டும் வெப் சர்வர்) அப்படியே நின்றுவிடும். "ஏனுங்க தம்பி, ஸ்கிரீன் சுத்தீட்டே இருக்குதுங்க" என்று கணக்குப் பார்க்கிற அண்ணன் கூப்பிடுவார். "ரெண்டு நிமிஷம்ங்ணா" என்று ரீஸ்டார்ட் செய்துவிட்டு மெமரியையும் கொஞ்சம் கூட்டி வைப்பேன். மூன்று வாரம் இப்படியே ஓடியது. நான்காவது வாரம் நான் காங்கேயத்தில் ஒரு விருந்தில் இருந்தேன். கையில் மொபைல், அதில் தூரத்திலிருந்தே சர்வருக்குக் கட்டளை கொடுக்கும் ஒரு எஸ்எஸ்ஹெச் செயலி, அவ்வளவுதான்.

கட்டளைகளை இங்கே தமிழில் எழுதுகிறேன். தட்டும்போது ஆங்கிலச் சின்ன எழுத்து. 2417 எங்கள் டாம்கேட்டின் ப்ராசஸ் எண் (ஓடும் நிரலுக்குச் சர்வர் கொடுக்கும் எண்), உங்களுடையதைப் போட்டுக்கொள்ளுங்கள்.

முதலில் ஜாவா ஓடுகிறதா என்று பார்க்க:

ஜேபிஎஸ் -எல்

இது ஜேடிகேயோடு (ஜாவா நிரல் எழுதுவோருக்கான தொகுப்பு) வருவது. ஜாவாவை ஓட்ட மட்டுமே உதவும் ஜேஆர்இ இருந்தால் கிடைக்காது. டாம்கேட் ஓடினால், பூட்ஸ்ட்ராப் என்று முடியும் பெயர் ஒன்று வர வேண்டும். எனக்கு ஜேபிஎஸ் தன் பெயரை மட்டும் காட்டியது. சர்வரே செத்துவிட்டது என்று நினைத்து இன்னொரு முறை ரீஸ்டார்ட் கொடுத்தேன். அன்று செய்த பெரிய தப்பு அதுதான், தடயமெல்லாம் போய்விட்டது.

விஷயம் இது. ஒவ்வொரு ஜாவா ப்ராசஸும் டெம்ப் அடைவில் (தற்காலிகக் கோப்புகள் இருக்கும் இடம்), தான் ஓடும் பயனர் பெயரில் ஒரு சின்னக் கோப்பு வைக்கும். ஜேபிஎஸ் அதைத்தான் படிக்கிறது. டாம்கேட் வேறு பயனராக ஓடினால் உங்களுக்குக் காட்டாது. அதற்குமேல், சர்வரில் சேவைகளைத் தொடங்கி வைக்கும் சிஸ்டம்டியின் சேவைக் கோப்பில் ப்ரைவேட்டெம்ப் என்ற அமைப்பைப் போட்டிருந்தால் டாம்கேட்டுக்கென்று தனி டெம்ப் ஒன்று உருவாகிவிடும். எங்கள் ஜேடிகே 8இல் ரூட்டாக (எல்லா அனுமதியும் உள்ள பயனர்) பார்த்தாலும் தெரியவில்லை. எனவே எண்ணை வேறு வழியில் எடுத்து, அந்தத் தனி டெம்புக்குள் அதே பயனராக நுழைய வேண்டும்:

பிகிரெப் -எஃப் கேட்டலினா
சூடோ என்எஸ்என்டர் -டி 2417 -எம் எஸ்யூ -எஸ் /பின்/பாஷ் டாம்கேட்

இப்போது ஜேபிஎஸ் ஒழுங்காகக் காட்டும். அடுத்து மெமரி:

ஜேஸ்டாட் -ஜிசியுடில் 2417 1000 10

நொடிக்கு ஒரு வரி, மொத்தம் பத்து வரி. ஓ (பழைய தரவு தங்கும் மெமரி நிரம்பிய சதவீதம்) என்ற பத்தியையும் எஃப்ஜிசி (முழு ஜிசி, அதாவது முழு மெமரிச் சுத்தம் நடந்த எண்ணிக்கை) என்ற பத்தியையும் மட்டும் பாருங்கள். ஓ 95க்கு மேலேயே நின்று எஃப்ஜிசியும் ஏறிக்கொண்டே போனால் மெமரிதான் வில்லன். எங்களுக்கு ஓ நாற்பதைத் தாண்டவில்லை. மூன்று வாரம் மெமரி கூட்டியதெல்லாம் வெட்டி வேலை.

அப்புறம் த்ரெட், அதாவது சர்வருக்குள் ஒரே நேரத்தில் ஓடும் வேலை இழைகள். ஒவ்வொன்றும் நிரலின் எந்த வரியில் நிற்கிறது என்று கோப்பில் எழுத:

ஜேஸ்டாக் 2417 > ஒன்று.டெக்ஸ்ட்

பத்து நொடி விட்டு இரண்டாவது, மூன்றாவது எடுங்கள். ஒன்றை மட்டும் வைத்து முடிவு செய்யாதீர்கள். மூன்றிலும் அதே த்ரெட் அதே வரியில் நின்றால்தான் சிக்கல். எங்கள் கோப்பில் ஹெச்டிடிபி-நியோ-8080 என்று தொடங்கும் த்ரெட்டுகள் எல்லாமே கெட்கனெக்‌ஷன் வரியில், அதாவது டேட்டாபேஸ் இணைப்பு கேட்கும் இடத்தில், காத்திருந்தன. டாம்கேட் இயல்பாக 200 த்ரெட் வரை திறக்கும். இணைப்புகளைச் சேர்த்து வைத்து வழங்கும் அதன் டிபிசிபி2 பூல் இயல்பாகத் தருவதோ 8 டேட்டாபேஸ் இணைப்பு. இருநூறு பேரைப் பந்திக்குக் கூப்பிட்டு எட்டு இலை போட்ட கதை. அந்த எட்டையும் ஒரு கூலி ரிப்போர்ட் எடுத்துக்கொண்டு, பிழை வந்தால் மூடாமலே ஓடிவிடும். மேக்ஸ்வெயிட்மில்லிஸ் (அதிகபட்சக் காத்திருப்பு நேரம்) சொல்லாவிட்டால் மற்றவை காலத்துக்கும் காத்திருக்கும். நிரலில் ட்ரை-வித்-ரிசோர்சஸ் (பிழை வந்தாலும் தானாக மூடிவிடும் ஜாவா வசதி) போட்டு இணைப்பை மூடினோம், அத்தோடு சரி.

இதையெல்லாம் படமாகக் காட்டும் விஷுவல்விஎம் பார்க்க அழகுதான். ஆனால் அதற்கு ஜேஎம்எக்ஸ் (ஜாவாவைத் தூரத்திலிருந்து கண்காணிக்கும் வழி) போர்ட் திறந்து, ஃபயர்வாலோடு மல்லுக்கட்டி... மொபைலில் வேலைக்காகாது. மெமரியில் என்னென்ன இருக்கிறது என்று எண்ணிக் காட்டும் ஜேமேப் -ஹிஸ்டோ:லைவ் கட்டளையையும் சம்பள நேரத்தில் தொடாதீர்கள், அது முழு ஜிசியை ஓட்டிவிடும்.

பின்சேர்க்கை: சிபியு ஏறினால் என்ன செய்வது என்று ஒருவர் கேட்டிருந்தார். டாப் -ஹெச் -பி 2417 கொடுத்து (அந்த ஹெச் மட்டும் பெரிய எழுத்து) அதிகம் தின்னும் த்ரெட் எண்ணைக் குறித்துக்கொண்டு, பதினறும எண்ணாக மாற்றி, ஜேஸ்டாக் கோப்பில் என்ஐடி என்ற இடத்தில் தேடுங்கள். தேடியும் கிடைக்கவில்லை என்று அவரே மறுபடி எழுதினார். அவர் வைத்திருப்பது ஜேடிகே 21. அதில் என்ஐடி சாதாரண எண்ணாகவே வருகிறது, மாற்றாமல் அப்படியே தேட வேண்டும்.