போன் திரை திடீரென்று அணைகிறதா? கடைக்குக் கொண்டுபோக முன் வீட்டிலேயே பாருங்கள்

திருகோணமலை உப்புவெளியில் இருக்கும் என் மாமி போன மாதம் தன் போனைக் கொண்டுவந்து என் கையில் தந்தார். "தம்பி, பிள்ளை அனுப்பின வொய்ஸைத் தொட்ட உடனே திரை இருட்டாப் போகுது. சத்தமும் கிணத்துக்குள்ள இருந்து வாற மாதிரிக் கேக்குது" என்றார். ரவுணில் ஒரு கடையில் காட்டியிருக்கிறார். டிஸ்பிளே மாற்ற வேண்டும் என்று சொல்லி, அவருடைய ஒரு மாத வீட்டுச் செலவுக்குக் கிட்ட ஒரு தொகை கேட்டிருக்கிறார்கள். உண்மையில் போனில் எந்தப் பழுதும் இல்லை. அதற்கு முந்தின வாரம் திரையைக் காக்க மேலே ஒட்டின ரெம்பர் கிளாஸ்தான் காரணம்.

இப்படிக் காசு வீணாகப் போவதைப் பார்க்க எனக்கு மனம் பொறுக்கவில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன். போனைப் பற்றி ஒன்றும் தெரியாதவர்களும் செய்யக்கூடிய சோதனைகள்தான் எல்லாம். திரை எப்போது அணைகிறது என்று கவனித்தாலே பாதிக் காரணம் பிடிபட்டுவிடும்.

முதலில் ஓர் அழைப்பு எடுத்துப் பாருங்கள்

திரை கறுப்பானதும் இன்னொரு போனிலிருந்து உங்கள் இலக்கத்துக்கு அழையுங்கள். மணி அடித்தால் போன் உயிரோடுதான் இருக்கிறது, திரை மட்டும் அணைந்திருக்கிறது. மணி அடிக்காமல், தொடர்பு கொள்ள முடியாது என்று குரல் வந்தால் போன் முழுதாகவே நின்றிருக்கக்கூடும். அது பெரும்பாலும் பற்றரிப் பக்கத்துச் சிக்கல், கடைசியில் சொல்கிறேன்.

சும்மா வாசித்துக்கொண்டிருக்கும்போது அணைந்தால்

செட்டிங்ஸில் டிஸ்பிளே என்பதற்குள் போனால் ஸ்கிரீன் டைம்அவுட் என்று ஒன்று இருக்கும். ஐபோனில் அதன் பெயர் ஓட்டோ லொக். அது 15 அல்லது 30 விநாடியில் இருந்தால், நீங்கள் இரண்டு வரி வாசிக்க முன் திரை அணைந்துவிடும். 2 நிமிடம் என்று மாற்றுங்கள். மாற்ற விடாமல் மங்கலாகக் காட்டினால் பற்றரி சேவர் போட்டிருக்கிறதா என்று பாருங்கள். ஐபோனில் லோ பவர் மோட் போட்டால் ஓட்டோ லொக் தானாகவே 30 விநாடிக்குப் போய்விடும், அதை நிறுத்தும்வரை மாற்ற முடியாது. கரண்ட் நின்ற நேரத்தில் பற்றரி சேவரைப் போட்டுவிட்டு அப்புறம் மறந்துவிடுகிறவர்கள் ஏராளம்.

அழைப்பிலும் வொய்ஸிலும் மட்டும் அணைந்தால்

மாமியின் போனில் நடந்தது இதுதான். பல போன்களின் மேல் விளிம்பில், காதில் வைக்கும் ஸ்பீக்கருக்குப் பக்கத்தில், ஒரு சின்ன சென்சர் இருக்கிறது. கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளியை அது வெளியே விடும். முன்னால் கன்னம் வந்தால் ஒளி பட்டுத் திரும்பும். உடனே போன் திரையை அணைக்கும், கன்னம் பட்டு அழைப்புத் துண்டிக்கப்படாமல் இருப்பதற்காக. வாட்ஸ்அப் வொய்ஸும் இதே சென்சரைத்தான் பயன்படுத்துகிறது. வொய்ஸ் ஓடும்போது ஏதாவது கிட்ட வந்தால், நீங்கள் போனைக் காதில் வைத்துவிட்டீர்கள் என்று எடுத்துக்கொண்டு திரையை அணைத்து, சத்தத்தையும் காது ஸ்பீக்கருக்கு மாற்றிவிடும். கிணற்றுக்குள் இருந்து வந்த குரலுக்குக் காரணம் அதுதான்.

சரி, கன்னம் இல்லாமலே ஒளி ஏன் திரும்புகிறது? மாமியின் போனை ஜன்னல் வெளிச்சத்தில் சரித்துப் பார்த்தேன். கிளாஸின் கறுப்புக் கரை சென்சருக்கு மேலே ஒரு நூல் அளவு இறங்கியிருந்தது. வேறு மொடல் போனுக்கு வெட்டின கிளாஸ். அந்தக் கரையின் கீழே வெள்ளையாக ஒரு படலமும் இருந்தது. கடலுக்குக் கிட்ட இருக்கிற நமக்கு இது புதிதில்லை. டச்சுக் குடாவில் ஒரு பின்னேரம் இருந்துவிட்டு வந்தால் மூக்குக்கண்ணாடியிலேயே உப்புப் படிந்திருக்கும். அந்த உப்பும் முகத்து வியர்வையும் எண்ணெயும் சேர்ந்து சென்சருக்கு முன்னால் படிந்தால், அதன் கணக்கில் அதுவும் ஒரு கன்னம்தான்.

செய்ய வேண்டியது இவ்வளவுதான். மென்மையான பருத்தித் துணியை மிகச் சொற்பமாக நனைத்து, காது ஸ்பீக்கரைச் சுற்றித் துடையுங்கள். காய்ந்த பிறகு ஒரு வொய்ஸைப் போட்டுப் பாருங்கள். சரிவராவிட்டால் கிளாஸை ஒரு மூலையிலிருந்து மெதுவாக நகத்தால் கிளப்பிக் கழற்றிவிட்டு மறுபடியும் பாருங்கள். கழற்றியதும் சரியானால், உங்கள் மொடலுக்கென்றே வெட்டிய கிளாஸைக் கேட்டு வாங்குங்கள்.

சென்சரையே நேராகச் சோதிக்கவும் வழி இருக்கிறது. பெரும்பாலான சாம்சங் போன்களில் அழைப்பு எடுக்கிற இடத்தில் *#0*# என்று அடித்தால் ஒரு சோதனைப் பக்கம் வரும். அதில் சென்சர் என்பதைத் தொட்டு, மேல் விளிம்பை விரலால் மூடித் திறந்தால் மாற்றம் தெரிய வேண்டும். ரெட்மி போன்களில் *#*#6484#*#* என்று அடியுங்கள். அந்தப் பக்கங்களில் மற்றப் பொத்தான்களை நோண்ட வேண்டாம்.

கவரும் காந்தமும்

புத்தகம் மாதிரி மூடுகிற கவரின் ஓரத்தில் ஒரு காந்தம் இருக்கும். அது கிட்ட வந்தால் கவர் மூடிவிட்டது என்று நினைத்துப் பல போன்கள் திரையை அணைக்கும். கவரைப் பின்னுக்கு மடித்துப் பிடித்து வாசிப்பவர்களுக்கு இந்தத் தொல்லை வரலாம். காந்தப் பூட்டு வைத்த கைப்பைக்கு மேலே போனை வைத்தாலும், மோட்டார் சைக்கிளில் காந்தம் வைத்த ஹோல்டரில் மாட்டினாலும் இதே கதைதான். கவரைக் கழற்றிவிட்டு ஒருநாள் பாவித்துப் பாருங்கள். கவர் இறுக்கமாக இருந்தால் பவர் பட்டனையே அழுத்திக்கொண்டிருக்கலாம். கடற்கரை மணல் பட்டன் இடுக்கில் போனாலும் பட்டன் உள்ளேயே நின்றுவிடும். பட்டன் அழுத்தும்போது 'டிக்' என்று திரும்பி வருகிறதா என்று விரலால் உணருங்கள்.

சூடு

கச்சான் காற்று அடிக்கிற மாதங்களில் போனை வெயிலில் வைத்துவிட்டு, திரை போய்விட்டது என்று பயப்படாதீர்கள். சூடு கூடினால் போன் முதலில் வெளிச்சத்தைக் குறைக்கும், பிறகு தன்னைக் காப்பாற்ற நின்றும்விடும். ஐபோனை 35 பாகை செல்சியசுக்கு மேற்பட்ட சூழலில் பாவிக்க வேண்டாம் என்று அதன் தயாரிப்பாளரே சொல்கிறார். நம்மூர் மத்தியான வெயிலில் நிறுத்தின வாகனத்துக்குள் அதைவிட நன்றாகக் கூடும். கவரைக் கழற்றி நிழலில் வையுங்கள். தயவுசெய்து பிரிட்ஜுக்குள் மட்டும் வைக்காதீர்கள், உள்ளே ஈரம் படிந்து இல்லாத பழுதும் வந்துவிடும்.

ஏதாவது அப் காரணமா?

புதிதாக ஒரு அப் போட்ட பிறகு தொடங்கியதென்றால் போனை சேஃப் மோடில் ஓட்டிப் பாருங்கள். பல அன்ரொயிட் போன்களில் பவர் பட்டனை அழுத்தினால் வரும் பவர் ஓஃப் என்பதை விரல் எடுக்காமல் அழுத்திக்கொண்டிருந்தால் சேஃப் மோட் கேட்கும். அதில் நீங்கள் இறக்கிய அப்புகள் ஓடாது. சில மணி நேரம் திரை அணையாமல் இருந்தால் குற்றவாளி ஒரு அப்தான். போனை வழமைபோல் திரும்பப் போட்டு, கடைசியாக இறக்கியதிலிருந்து ஒவ்வொன்றாக நீக்குங்கள். திரையைப் பூட்டுகிற அப், பற்றரியைக் காப்பாற்றுகிறேன் என்று வருகிற அப் இரண்டையும் முதலில் பாருங்கள்.

எப்போது கடைக்குப் போக வேண்டும்

பற்றரி 20, 30 வீதம் காட்டும்போதே முழுப் போனும் நின்று, சார்ஜரில் போட்டதும் எழும்பினால் பற்றரி தேய்ந்திருக்கும். பின்பக்கம் உப்பியிருந்தால் சார்ஜ் போடாமல் உடனே கொண்டுபோங்கள். விழுந்த பிறகு தொடங்கி, ஓரத்தை அழுத்தும்போது திரை மின்னி மின்னி வந்தால் உள்ளே டிஸ்பிளே வயர் தளர்ந்திருக்கலாம். கடல் தண்ணீர் பட்டிருந்தால் போனை நிறுத்துங்கள், சார்ஜரில் போட்டுப் பார்க்கவே வேண்டாம். உப்பு உள்ளே அரித்துக்கொண்டே போகும், அதனால் அன்றைக்கே கொடுப்பது நல்லது.

தண்ணீர் படாத போன் என்றால், கொடுக்க முன் படங்களையும் இலக்கங்களையும் கூகுள் கணக்கில் சேமித்துவிடுங்கள். "திரை வேலை செய்யவில்லை" என்று மட்டும் சொல்லாமல், "அழைப்பில் மட்டும் அணைகிறது, கிளாஸைக் கழற்றியும் பார்த்துவிட்டேன்" என்று நீங்கள் கண்டதைச் சொல்லுங்கள். ஏதாவது பாகம் மாற்றினால் பழையதைக் கேட்டு வாங்குங்கள். உப்பின பற்றரியை மட்டும் வீட்டுக்குக் கொண்டுவர வேண்டாம்.